கொழும்புல சைக்கிள்ல வேகமா ஓடுறவங்களுக்கு: எங்க குறைக்கணும், ட்ராஃபிக் பொலிஸ் மறிச்சா என்ன செய்யணும்

முதல்ல எல்லாரும் கேக்குற கேள்விக்கே வாறன். சைக்கிளுக்கு ஸ்பீட் லிமிட் இருக்கா இல்லையா? எங்கட நாட்டுல வேக எல்லை எல்லாம் வாறது 1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்துக்குக் கீழ. டவுனுக்குள்ள காருக்கும் மோட்டர் பைக்குக்கும் 50 கிலோமீட்டர், த்ரீவீலுக்கு 40, டவுனுக்கு வெளிய கார் 70 வரைக்கும் போகலாம். இதெல்லாம் எஞ்சின் உள்ள வாகனத்துக்கு வகை வகையா பிரிச்சுப் போட்ட கணக்கு. பெடல் மிதிச்சு ஓடுற சைக்கிளுக்கு அந்த லிஸ்ட்ல தனியா ஒரு நம்பர் இல்ல. அதால "நீ 52ல போனாய்" என்டு மெஷினைக் காட்டி சைக்கிள்காரனுக்கு ஃபைன் எழுதுறது எங்கட ஊர்ல நடக்கிற விஷயமில்ல.

இதைக் கேட்ட உடனே அப்ப எவ்வளவு வேகமாவும் போகலாம் என்டு நினைக்காதீங்க. 1883ல வந்த தண்டனைச் சட்டக்கோவையில 272ஆம் பிரிவு என்டு ஒன்டு இருக்கு. பொது ரோட்டுல ஆக்களோட உயிருக்கு ஆபத்து வாற மாதிரி, இல்லாட்டி யாருக்காவது காயம் வரக்கூடிய மாதிரி, கவனமில்லாம வாகனம் ஓட்டினாலோ சவாரி செஞ்சாலோ குற்றம் என்டு அது சொல்லுது. குதிரையும் வண்டிலும் ஓடின காலத்துல எழுதினது, எஞ்சின் இருக்கணும் என்டு அதுல எங்கயும் இல்ல. உங்களால ஒருத்தர் செத்துப் போனா 298ஆம் பிரிவு வரும், அது இன்னும் பாரம். அதாவது உங்களை மறிக்கிற பொலிஸ்காரர் நம்பரைப் பாக்க மாட்டார், நீங்க ஓடுற விதத்தைத்தான் பாப்பார். நான் இதுல எழுதப்போறது முழுக்க அந்த விதத்தைப் பத்தித்தான்.

வெளிநாட்டுல சொந்தக்காரர் இருக்கிறவங்க வேற வேற கதை கேட்டிருப்பீங்க. டொரொன்டோவுல ஹை பார்க் என்ட பெரிய பூங்காவுக்குள்ள 20 கிலோமீட்டர்தான் எல்லை, 2022 சமர்ல அங்க சைக்கிள்காரங்களை மறிச்சு வேகத்துக்கே டிக்கெட் குடுத்தாங்க, பெரிய சண்டையா போச்சு. இங்கிலாந்துல எங்களை மாதிரித்தான், போர்டுல இருக்கிற எல்லை மோட்டர் வாகனத்துக்கு மட்டும், ஆனா 1861ல வந்த பழைய சட்டமொன்டு சைக்கிளுக்கும் பாயும். லண்டன்ல ஒரு பொடியன் முன் பிரேக்கே இல்லாத சைக்கிள்ல போய் ரோட்டைக் கடந்த ஒரு அம்மாவோட மோதி அவங்க இறந்துபோனதுல 2017ல அந்தச் சட்டத்துலதான் 18 மாசம் உள்ள போனான். அந்த நேரம் அவன் ஓடின வேகம் 30 கிலோமீட்டருக்குக் கிட்டத்தான், அங்க காருக்கு இருந்த எல்லையை விடக் குறைவு. இதை ஒருக்கா யோசிச்சுப் பாருங்க.

எங்க வேகம் பிரச்சினையாகுது

கொழும்பு தட்டையான ஊர். சாதாரணமா வேலைக்குப் போற ஒருத்தர் 15, 20ல போவார். கியர் சைக்கிள் வச்சிருக்கிற, காலையில ஓடிப் பழகின ஆக்கள் 30, 35ல சும்மா போவாங்க, நாலு பேர் சேர்ந்து ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர் போனா 40உம் தாண்டும். ராஜகிரிய ஃப்ளைஓவர்லயோ தெஹிவளை ஃப்ளைஓவர்லயோ இறங்கும்போது மிதிக்காமலே வேகம் கூடிக்கிட்டுப் போகும். 2022ல பெற்றோல் க்யூவும் கியூஆர் கோடும் வந்த நேரம் நிறையப் பேர் சைக்கிளுக்கு மாறினாங்க, அதுல கொஞ்சப் பேர் விடாம தொடர்ந்து ஓடி இப்ப நல்ல வேகமாவும் போறாங்க. எனக்கு அது உண்மையாவே சந்தோஷம். ஆனா வேகமா ஓடத் தெரிஞ்ச எல்லாருக்கும் வேகத்தை எங்க குறைக்கணும் என்டு தெரியாது, அதைத்தான் ஒருத்தரும் சொல்லிக் குடுக்கிறதில்ல.

மரைன் ட்ரைவையே எடுப்போம், வெள்ளவத்தை ஆக்கள் கூடுதலா ஓடுற ரோட்டு அதுதான். மே மாசத்துல இருந்து செப்டம்பர் மட்டும் தென்மேல் பருவக்காத்து அடிக்கிற நேரம் வெள்ளவத்தையில இருந்து கொள்ளுப்பிட்டிப் பக்கம் போனீங்க என்டா காத்து உங்களைப் பின்னால இருந்து தள்ளிக்கொண்டே போகும், முகத்துல காத்து அடிக்காததால வேகமே விளங்காது, 25ல போற மாதிரி இருக்கும் ஆனா போறது 35. ஒரு பக்கம் காலி வீதியில இருந்து இறங்கி வாற ஒழுங்கைகள், அது ஒவ்வொண்டுல இருந்தும் த்ரீவீல் மூக்கை நீட்டும், மதில் மறைக்கிறதால அவருக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கு அவரைத் தெரியாது. மத்தப் பக்கம் ரயில் பாதை, கடல். வெள்ளவத்தை ஸ்டேஷன்ல ட்ரெய்ன் வந்து நிண்டா ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஒரு கூட்டமே ரோட்டைக் கடக்கும், எல்லாரும் வீட்டுக்குப் போற அவசரத்துல, சைக்கிள் சத்தம் போடாததால காதுக்குக் கேக்காது, கார் வருதா என்டு மட்டும்தான் பாப்பாங்க. பின்னேரம் கடல் பாக்க வாற குடும்பங்கள், பலூனுக்குப் பின்னால ஓடுற பிள்ளைகள், இதுக்கு மேல கடல் மணல் காத்துல பறந்து வந்து ரோட்டுக் கரையில படிஞ்சிருக்கும், அதுக்கு மேல பிரேக் பிடிச்சா டயர் சறுக்கும். காலையில அஞ்சரைக்கு இந்த ரோட்டுல 35ல போகலாம், பின்னேரம் அஞ்சரைக்கு அதே 35 பெரிய ஆபத்து. ரோட்டு ஒண்டுதான், நேரம்தான் வேற.

இன்னொரு அளவும் சொல்லுறன். த்ரீவீலுக்கே எல்லை 40. நீங்க டவுனுக்குள்ள ஓடிக்கொண்டிருக்கிற த்ரீவீலை முந்திக்கொண்டு போறீங்க என்டா உங்கட வேகம் அந்த இடத்துக்குக் கூட, மீட்டர் பாக்கத் தேவையே இல்ல.

பள்ளிக்கூடம் விடுற நேரம், பகல் ஒண்டரைக்குக் கிட்ட, பம்பலப்பிட்டியில இந்துக் கல்லூரிப் பக்கம், வெள்ளவத்தையில சைவ மங்கையர் பக்கம், இங்கெல்லாம் 15க்கு மேல போகவே வேண்டாம். வேன் கதவு திடீரென்டு திறக்கும், பிள்ளை குதிச்சு இறங்கும்.

நிக்க எவ்வளவு தூரம் வேணும்

இது கணக்கு, ஆனா லேசான கணக்கு. 30 கிலோமீட்டர் என்டா செக்கனுக்கு 8 மீட்டர் சொச்சம். ஒரு ஆள் குறுக்க வாறதைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு செக்கன் போகும், அதுக்குள்ள 8 மீட்டர் முடிஞ்சுது, பிறகு பிரேக் பிடிச்சு நிக்க நல்ல காய்ஞ்ச ரோட்டுல இன்னும் 7 மீட்டர். மொத்தம் 15. 45ல போனா இதே கணக்கு 28 மீட்டருக்குக் கிட்ட வரும், ஏனென்டா வேகம் ஒண்டரை மடங்கு கூடினா பிரேக் பிடிச்ச பிறகு ஓடுற தூரம் ரெண்டே கால் மடங்கு ஆகுது. மழை பெய்ஞ்சு றிம் ஈரமா இருந்தா 30லயே 22 மீட்டர் வேணும். 22 மீட்டர் என்டா நீட்டு பஸ் ரெண்டு ஒண்டுக்குப் பின்னால ஒண்டு நிக்கிற தூரம். உங்களுக்கு முன்னால அவ்வளவு வெறும் ரோட்டு தெரியாட்டி அந்த வேகத்துல போக உங்களுக்கு இடமில்ல என்டு அர்த்தம், அவ்வளவுதான்.

பிரேக்கை வீட்டுலயே பாத்துட்டு இறங்குங்க. லீவரை முழுசா அமத்திப் பிடிங்க, லீவருக்கும் ஹேண்டிலுக்கும் நடுவுல ரெண்டு விரல் போற இடைவெளி மிச்சம் இருக்கணும், ஹேண்டில்ல போய் முட்டுது என்டா கேபிள் தளர்ந்துட்டுது. பிரேக் கட்டையில குறுக்க வெட்டின கோடுகள் இருக்கும், அந்தக் கோடு தேய்ஞ்சு மறைஞ்சா கட்டையை மாத்துங்க, அது பெரிய காசில்ல. கடற்கரைப் பக்கம் வச்சிருக்கிற சைக்கிளுக்கு உப்புக்காத்துல கேபிள் உள்ளுக்குள்ள துருப் பிடிக்கும், வெளிய பாத்தா பளபள என்டு இருக்கும், ஆனா லீவரை விட்டா அது திரும்பி வாறதே இல்ல. மழையில முதல் பிடி தண்ணியை வழிக்கத்தான் போகும், ரெண்டாவது பிடிதான் நிப்பாட்டும், அதால சந்தி வாறதுக்கு முன்னாலயே லேசா ஒருக்கா பிடிச்சு விடுங்க. அவசரத்துக்கு நிப்பாட்டும்போது முன் பிரேக்தான் கூட நிப்பாட்டும், ஆனா உடம்பைப் பின்னுக்குத் தள்ளி இருந்துகொண்டு பிடிங்க, இல்லாட்டி தலைகீழா போவீங்க. ஆளில்லாத காலை நேரத்துல இதை ஒருக்கா ரெண்டு தரம் செஞ்சு பழகுங்க. ஃபிக்ஸி என்டு பிரேக்கைக் கழட்டிட்டு ஓடுற பொடியன்மாருக்கு நான் சொல்லுறது ஒண்டுதான், டவுனுக்குள்ள அதைக் கொண்டு வராதீங்க.

பெல் பூட்டுங்க. ஆக்களுக்கு சைக்கிள் சத்தம் கேக்கிறதில்ல என்டு மேல சொன்னதுக்கு இதுதான் மருந்து, தூரத்துல இருக்கும்போதே ஒருக்கா மெல்லமா அடிங்க, கிட்ட போய் அடிச்சா திடுக்கிட்டு எந்தப் பக்கம் பாய்வாங்க என்டே தெரியாது.

ஸ்ட்ராவா (ஓடின வேகத்தைப் பதியுற ஃபோன் ஆப்) போட்டு மரைன் ட்ரைவ்ல யார் முதலாவது என்டு ஓடுறவங்களுக்கு: நேரம் பாத்து ஓடுற ஆசை எனக்கும் விளங்கும், அதுக்கு ஞாயிறு விடியற்காலை பாராளுமன்ற ரோட்டுப் பக்கம் போங்க, தியத்த உயன பக்கம் அந்த நேரம் சைக்கிள்காரர் நிறையப் பேர் இருப்பாங்க. சனம் உள்ள ரோட்டுல போட்டி வேண்டாம். ஏதாவது நடந்து கேஸ் வரைக்கும் போனா எந்த இடத்துல எத்தனை கிலோமீட்டர்ல போனீங்க என்டு உங்கட ஃபோனே சொல்லிரும்.

பொலிஸ் எதுக்கு மறிக்குது

நான் பாத்த வரைக்கும் சைக்கிள்காரரை மறிக்கிறது வேகத்துக்காக மட்டும் இல்ல, வேகத்தோட வேற ஒண்டு சேர்ந்தாத்தான். முதலாவது ஒன்வே. பம்பலப்பிட்டியில இருந்து கொள்ளுப்பிட்டிப் பக்கம் காலி வீதி ஒன்வே, ட்யூப்ளிகேஷன் ரோட்டு அதுக்கு எதிர்ப் பக்கமா ஒன்வே. இதுல கரையால எதிர்த் திசையில வாறது நிறையப் பேருக்குப் பழக்கம், கிட்டத்தானே போறம் என்டு. பஸ் கரைக்கு வந்து நிக்கிற ரோட்டுல எதிர்த்து வாறது சரியான பிழை. கொஞ்சம் சுத்தி ஒழுங்கையால போங்க, இல்லாட்டி இறங்கி உருட்டிக்கொண்டு போங்க, இறங்கி உருட்டினா நீங்க நடந்து போற ஆள், ஒருத்தரும் ஒண்டும் கேக்க ஏலாது.

ரெண்டாவது கலர் லைட். சிவப்புல வாகனம் எல்லாம் நிக்கும்போது இடது கரையால நழுவிப் போறது. இங்க ஒரு விஷயம் வடிவா விளங்கிக்கொள்ளுங்க, கொழும்புல காலையிலயும் பின்னேரமும் பெரிய சந்தியில எல்லாம் கலர் லைட் இருந்தும் பொலிஸ்காரர் நடுவுல நிண்டு கையால விடுவார். அந்த நேரம் லைட் இல்ல, அவர் கைதான் சட்டம். லைட் பச்சையா இருக்கு என்டு நீங்க வேகமா வந்து அவர் மறிச்ச கையைத் தாண்டினா அதை அவர் தனக்குச் செஞ்ச அவமரியாதையாத்தான் எடுப்பார், பிறகு என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது. பொரளை கனத்தைச் சந்தி, தும்முல்லை, டவுன் ஹோல் இங்கெல்லாம் சந்திக்கு வர முதலே லைட்டைப் பாக்காம அவர் எந்தப் பக்கம் பாத்து நிக்கிறார் என்டு பாருங்க. உங்களுக்கு முதுகைக் காட்டியோ நெஞ்சைக் காட்டியோ நேரா நிண்டா உங்கட பக்கம் நிப்பாட்டியிருக்கு, தோளைக் காட்டி நிண்டா உங்கட பக்கம் ஓடுது.

பிறகு மஞ்சள் கடவை. அதுல ஆள் கால் வச்சா நிக்கணும், சைக்கிளும்தான். வெட்டி அவருக்கு முன்னாலயோ பின்னாலயோ போறது சைக்கிள்காரரோட பெரிய கெட்ட பழக்கம், வயசான ஆள் ஒருத்தர் பயந்து ஒரு அடி பின்னுக்கு வச்சா நீங்க நேரா அவர் மேலதான்.

இரவுல லைட். முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு. யாழ்ப்பாணத்துல இருந்து வந்த பெரியாக்களைக் கேட்டுப் பாருங்க, லைட் இல்லாம ஓடினது, டபிள்ஸ் ஏத்தினது, இது ரெண்டுக்கும் பொலிஸ் மறிச்ச கதை ஆளுக்கொண்டு வச்சிருப்பாங்க. கொழும்புல ரோட்டு லைட் இருக்கிறதால தேவையில்ல என்டு நினைக்கிறாங்க, ஆனா பஸ் ட்ரைவருக்குக் கண்ணாடியில தெரியுறது உங்கட லைட் மட்டும்தான். ஃபோனை ஒரு கையில பிடிச்சு ஓடுறது, நடைபாதையில ஏறி ஓடுறது, இதெல்லாம் நான் சொல்லித்தான் தெரியணும் என்டு இல்ல. ஹைவேக்கு, அதாவது எக்ஸ்பிரஸ்வேக்கு, சைக்கிள், மோட்டர் பைக், த்ரீவீல் மூண்டும் ஏற ஏலாது, அதையும் மறக்காதீங்க.

2024 ஜனவரியில இருந்து கொழும்பு சிட்டிக்குள்ள சிசிடிவி கேமராவால வாகன நம்பரைப் பாத்து ஃபைன் அனுப்பத் தொடங்கினாங்க. சைக்கிளுக்கு நம்பர் ப்ளேட் இல்ல, அதால எங்களுக்குக் கடிதம் வராது என்டு சில பேர் அதையே ஒரு தைரியமா எடுத்திருக்காங்க. கடிதம் வராது, உண்மை. ஆனா ஒரு ஆளை இடிச்சா அதே கேமராவுல உங்கட முகம் இருக்கும்.

மறிச்சா

எங்கட ஆக்களுக்குப் பொலிஸ் கை காட்டினாலே நெஞ்சு படபடக்கும், செக் பாயிண்ட் காலத்துல கொழும்புல இருந்தவங்களுக்கு அது ஏன் என்டு சொல்லத் தேவையில்ல. அந்தப் பயத்துல சில பேர் நிக்காம மிதிச்சுப் போயிருவாங்க. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீங்க. நிக்காம போனா சின்ன விஷயம் பெரிய விஷயமாகும், அடுத்த சந்தியில இருக்கிறவருக்கு ஃபோன் போகும், பிறகு நீங்க ஏதோ களவெடுத்துட்டுப் போற ஆள் மாதிரி ஆயிரும்.

கை காட்டினா பின்னால பாருங்க, பஸ் வருதா என்டு பாத்து மெதுவா இடது கரைக்கு எடுங்க, சடார் என்டு பிரேக் பிடிக்காதீங்க. சைக்கிளை விட்டு இறங்குங்க, இறங்கி நிக்கிறது முக்கியம், சீட்டுல இருந்துகொண்டு ஒரு காலை ஊன்றிக் கதைச்சா போக ரெடியா நிக்கிற மாதிரித்தான் தெரியும். ஹெட்போனையும் கறுப்புக் கண்ணாடியையும் கழட்டுங்க. "சேர்" என்டு கதையுங்க, அவர் முதல்ல கதைச்சு முடிக்கட்டும்.

போன வருஷம் மரைன் ட்ரைவ்ல ஒரு பொடியனை மறிச்சதைப் பக்கத்துல நிண்டு பாத்தன். ரேசிங் சைக்கிள், மஞ்சள் கடவையில ஒரு அம்மா தன்ட பிள்ளையோட கையைப் பிடிச்சுக் கடக்கும்போது அவங்களுக்கு முன்னால வெட்டிப் போயிருக்கான். பொலிஸ்காரர் கோவமாத்தான் மறிச்சார், "கொஹேத மல்லி மெச்சர ஹயியென் யன்னே" என்டார், எங்க தம்பி இவ்வளவு வேகமா என்டு. பொடியன் இறங்கி ஹெல்மெட்டைக் கழட்டிட்டு "சமாவென்ன சேர், மகே வெரத்த" என்டான், மன்னிச்சுக்கொள்ளுங்க சேர், பிழை என்னோடதுதான் என்டு. அதுக்குப் பிறகு அவன் ஒண்டும் கதைக்கல. பிரேக் போச்சு, லேட் ஆச்சு, மத்தவனும் போறான், ஒண்டுமே சொல்லல. பொலிஸ்காரர் ஐடென்டிட்டி காட்டை வாங்கிப் பாத்தார், பிரேக்கைத் தானே ஒருக்கா அமத்திப் பாத்தார், கடவைப் பக்கம் கையைக் காட்டி ரெண்டு மூண்டு நிமிஷம் ஏசினார், பிறகு காட்டைத் திருப்பிக் குடுத்து "ஹெமின் யன்ன", மெதுவா போ என்டு விட்டார். பொடியன் அந்த அம்மாவைத் தேடிப் போய் அவங்ககிட்டயும் மன்னிப்புக் கேட்டான், அதை ஒருத்தரும் கேக்கச் சொல்லல. பிழை உங்களோடது என்டா இப்பிடித்தான் நடக்கணும், குனிஞ்சு கும்பிடத் தேவையில்ல, பிழையைச் சொல்லிட்டு வாயை மூடினாப் போதும்.

பிழை உங்களோடது இல்ல என்டா அதையும் அமைதியா, ஒருக்கா, தெளிவா சொல்லுங்க. "சைக்கிளுக்கு ஸ்பீட் லிமிட் சட்டத்துல இல்ல" என்டு ரோட்டுல நிண்டு பாடம் எடுக்காதீங்க, நீங்க சொல்லுறது சரியாவே இருந்தாலும் அவர் 272ஐ எடுப்பார், அதைப் பிழை என்டு சொல்ல உங்களால அந்த இடத்துல ஏலாது.

சிங்களம் வராட்டி வெக்கப்படாதீங்க. "மட்ட சிங்கள ஹொந்தட்ட பே சேர், தெமள கதா கரன கெனெக் இன்னவாத" என்டு கேளுங்க, தமிழ் கதைக்கிற ஆள் யாராவது இருக்காங்களா என்டு. 1987ல வந்த 13ஆம் திருத்தத்துல இருந்து தமிழும் ஆட்சி மொழி. ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலம் குடுக்கிற நிலைமை வந்தா தமிழ்லயே குடுக்கக் கேளுங்க. உங்களுக்கு வாசிக்கத் தெரியாத பாஷையில எழுதினதுக்குக் கையெழுத்துப் போடாதீங்க, வாசிச்சு விளக்கச் சொல்லுங்க, அதுல என்ன எழுதியிருக்கு என்டு விளங்கின பிறகு போடுங்க. இதை மரியாதையாவே கேக்கலாம், கேக்கிறது சண்டை இல்ல.

ஐடென்டிட்டி காட் எப்பவும் கொண்டு போங்க, காலையில ஷோர்ட்ஸ்ல ஓடப் போனாலும் சீட்டுக்குக் கீழ இருக்கிற சின்ன பேக்ல போட்டுக்கொள்ளுங்க. சைக்கிள் ஓட ட்ரைவிங் லைசன்ஸ் தேவையில்ல, அதால ஆளை அடையாளம் காட்ட லைசன்ஸை நீட்டாம ஐடென்டிட்டி காட்டைக் குடுங்க. லைசன்ஸை வாங்கி வச்சுட்டுத் துண்டு தாறது, 14 நாளுக்குள்ள ஃபைன் கட்டுறது, இது எல்லாம் மோட்டர் வாகனம் ஓடுறவங்களுக்கு உள்ள நடைமுறை.

உங்களைப் பிடிச்சுக்கொண்டு போறாங்க என்டா என்ன காரணத்துக்கு என்டு கேக்கிற உரிமை அரசியலமைப்போட 13ஆம் உறுப்புரையிலயே இருக்கு, 24 மணித்தியாலத்துக்குள்ள நீதவான் முன்னால கொண்டு போகணும். சைக்கிள் விஷயத்துல இவ்வளவு தூரம் போறது அபூர்வம், ஒருத்தருக்குக் காயம் பட்டாத்தான். கேஸ் போட்டா திகதி, எந்தக் கோர்ட்ஸ் என்டதை எழுதி வாங்குங்க, அந்த நாளைக்குப் போகாம விடாதீங்க. சின்னக் கேஸ்தானே என்டு போகாம விட்டா வாரண்ட் வரும், அது வெளிநாடு போற நேரம் எயார்போர்ட்ல வந்து நிக்கவும் கூடும்.

காசு நீட்டாதீங்க. அவர் கேட்டாலும் குடுக்காதீங்க. 2023ஆம் ஆண்டு 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்துல வாங்குறவருக்கு மட்டுமில்ல, குடுக்கிறவருக்கும் குற்றம். கேட்டா "ஃபைன் எழுதுங்க சேர், கட்டுறன்" என்டு சொல்லுங்க, கூடுதலா அதோட முடிஞ்சிரும். முடியாட்டி அவரோட பொலிஸ் நம்பர், இடம், நேரம் மூண்டையும் மனசுல வச்சு, அங்கால போன உடனே எழுதிட்டு, இலஞ்ச ஆணைக்குழுவுக்கு 1954க்கு அடியுங்க.

யாரையாவது இடிச்சிட்டா

ஓடாதீங்க. சைக்கிளை அப்பிடியே விட்டுட்டு ஆளைப் பாருங்க, தலை அடிபட்டிருந்தா தூக்கி நிறுத்தாதீங்க, 1990க்கு அடிச்சா சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்ல. பொலிஸுக்கு 119. வயசான ஆக்கள் விழுந்து உடனே எழும்பி "ஒண்டுமில்ல தம்பி, நீங்க போங்க" என்டு சொல்லுவாங்க, அதை நம்பிப் போகாதீங்க, இடுப்பெலும்பு வெடிச்சிருந்தாலும் முதல் அஞ்சு நிமிஷம் தெரியாம இருக்கலாம், தலைக்குள்ள இரத்தக் கசிவு மணித்தியாலங்களுக்குப் பிறகும் காட்டும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க, அவங்கட வீட்டு ஆக்களுக்கு நீங்களே ஃபோன் பண்ணுங்க, உங்கட நம்பரைக் குடுங்க. ரோட்டுலயே ஆயிரம் ரெண்டாயிரம் குடுத்து முடிச்சுட்டு வாறது அவங்களுக்கும் நல்லதில்ல, பிறகு ஓடிட்டான் என்டு முறைப்பாடு வந்தா உங்களுக்கும் நல்லதில்ல.

மோட்டர் பூட்டின சைக்கிள்

இப்ப பேட்டரி சைக்கிள் நிறைய ஓடுது, அதுக்குக் கதை வேற. நான் மேல சொன்னதெல்லாம் காலால மிதிக்கிற சைக்கிளுக்கு. மோட்டர் இருந்தா அது மோட்டர் வாகனமா இல்லையா என்ட கேள்வி வரும், ரெஜிஸ்ட்ரேஷன், இன்ஷுரன்ஸ், லைசன்ஸ் எல்லாம் கேக்கலாம். மிதிக்காமலே அக்ஸிலரேட்டர்ல போற ஸ்கூட்டர் மாதிரிச் சாமானை சைக்கிள் என்டு சொல்லி விப்பாங்க, வாங்க முதல் அதை மோட்டர் வாகனத் திணைக்களத்துல ரெஜிஸ்டர் பண்ண ஏலுமா என்டதுக்குப் பேப்பரைக் கேளுங்க, கடைக்காரர் வாயால சொன்னதை ரோட்டுல பொலிஸ்காரர்கிட்டக் காட்ட ஏலாது. மிதிக்க உதவி செய்யுற பேட்டரி சைக்கிள்கள்ல நிறைய 25ல மோட்டர் தானா நிக்கிற மாதிரி வரும், அந்தக் கட்டுப்பாட்டைக் கழட்டித் தாறம் என்டு சொல்லுறவங்க இருக்காங்க. கழட்டாதீங்க, அந்த ஃப்ரேமும் பிரேக்கும் அந்த வேகத்துக்குத்தான் செஞ்சது.

கூட்டமா போறவங்க

முன்னுக்குப் போறவருக்குத்தான் பொறுப்பு. சந்தி, மஞ்சள் கடவை, பஸ் ஹோல்ட் வர முதல் அவர் கையைக் கீழ காட்டி "ஸ்லோ" என்டு கத்தணும், பின்னால உள்ளவருக்கு ரோட்டு தெரியாது, முன் ஆளோட முதுகுதான் தெரியும். சிவப்பு விழும்போது பாதிப் பேர் தாண்டிட்டா மிச்சப் பேர் துரத்திக்கொண்டு வரக் கூடாது, தாண்டினவங்க அங்கால கரையில நிண்டு பாத்துக்கொண்டு இருக்கணும். ரெண்டு ரெண்டு பேரா பக்கத்துல பக்கத்துல ஓடிக் கதைச்சுக்கொண்டு போறதை டவுனுக்குள்ள விட்டுருங்க. பொலிஸ் ஒருத்தரை மறிச்சா எல்லாரும் போய்ச் சுத்தி நிக்க வேண்டாம், பத்துப் பேர் ஹெல்மெட்டோட வந்து சூழ்ந்தா அவருக்கும் பதட்டம் வரும். சிங்களம் வடிவா தெரிஞ்ச ஒருத்தர் மட்டும் பக்கத்துல நிக்கட்டும், மத்தவங்க கொஞ்சம் தள்ளி, ரோட்டை மறைக்காம, சைக்கிளை விட்டு இறங்கி நில்லுங்க.